மட்டத்தேளின் விஷம் வாலில் இல்லை

மீள்குடியேறிய காணிகளில் பற்றை வெட்டும்போதும் பழைய கிடுகு, கல் புரட்டும்போதும் மட்டத்தேள் கடித்ததாக அடிக்கடி கேள்விப்படுகிறேன். அது வாலால் குத்தும் என்றே பலர் என்னிடம் சொல்கின்றனர். பெயரில் தேள் இருந்தாலும் உடலமைப்பு வேறு.

நமது பெரிய மட்டத்தேள்கள் ஸ்கொலொபென்ட்ரா என்ற சாதியைச் சேர்ந்தவை. 1758இல் லின்னேயஸ் இப்பெயரை இட்டார். இதன் மாதிரி இனமான ஸ்கொலொபென்ட்ரா மோர்சிட்டான்ஸ் இலங்கையிலும் உண்டு. ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் வேறுபடுவதால், நிறத்தை மட்டும் நம்பி அடையாளங்காண முடியாது.

பார்க்க வேண்டியவை மூன்று. தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு எளிய கண்கள். துண்டத்துக்கு ஒரு சோடியாக 21 சோடிக் கால்கள். முட்களுடன் தடித்துப் பின்னோக்கி நீண்ட கடைசிச் சோடி. கிரிப்டொப்ஸ் சாதிக்கும் 21 சோடிக் கால்கள்தான். ஆனால் கண்கள் இல்லை. மரவட்டைக்கோ பெரும்பாலான துண்டங்களில் இரண்டு சோடிக் கால்கள் உண்டு.

விஷம் இருப்பது முன்பக்கத்தில். தலைக்கு அடுத்த துண்டத்தின் கால்களே விஷக் கொடுக்குகளாக மாறி, தலையின் கீழ் மடிந்திருக்கின்றன. இவை அந்த 21 சோடியில் சேராது. கடைசிக் கால்கள் இரையைப் பற்றவும் எதிரியை மிரட்டவும் உதவும், அவற்றில் விஷமில்லை. வாலுக்குப் பயந்து தலைப்பக்கம் கை வைப்பவரே கடி வாங்குவார்.

கடிபட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.