அகதி என்ற சொல்லும் அமைச்சர்களின் பதிலும்

பொத்தேரியில் ரயிலேறினால் வடக்கே தாம்பரம், விமானப்படைத் தளம். தெற்கே செங்கல்பட்டு, ஈழத்தமிழர்களை அடைத்து வைத்திருந்த 'சிறப்பு முகாம்' இருந்த ஊர். பாதுகாப்பும் அடைக்கலமும் ஒரே தண்டவாளத்தில்! அரசின் சொல்லாடலிலும் இப்படித்தான் என்பேன்.

அகதிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி வரும்போதெல்லாம் உள்துறை அமைச்சர்கள் சொல்லிவந்த பதில்: 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; வெளிநாட்டவர் எல்லோருக்கும் 1946 வெளிநாட்டவர் சட்டமே; ஆவணமில்லாதவர் சட்டவிரோதக் குடியேறி. கட்சி மாறும், ஆளும் மாறுவாங்க, பதில் மாறாது. கேட்டது உயிர் தப்பி வந்தவனைப் பற்றி. கிடைத்ததோ எல்லைக் காவல் பற்றிய விளக்கம்.

அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது. அதன் 3ஆம் பிரிவின்படி, ஒரு வெளிநாட்டவர் எங்கே தங்க வேண்டுமென்று அரசு ஆணையிடலாம். வழக்கில் ஜாமீன் கிடைத்தவரைக்கூட செங்கல்பட்டில் வைத்துப் பூட்ட இது போதுமானதாயிருந்தது. கேட்டா, அது ஜெயில் இல்லையாம், முகாமாம்.

1987இல் இதே அரசுதான் ஈழத்துக்குப் படை அனுப்பியது. தமிழர் பாதுகாப்பு அப்போது அங்கே போவதற்குக் காரணமாயிருந்தது. இங்கே வந்தவருக்கு அது உரிமையாகவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் 110 விதியின் கீழ் நலத்திட்டங்களை அறிவித்தார். அந்த விதியில் விவாதம் கிடையாது. அடுத்து 'அகதிகள் முகாம்' 'மறுவாழ்வு முகாம்' ஆனது. வீடு கட்டித் தந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். அங்கே 2025இல் 1946 சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் 'அகதி' என்பதற்கு வரையறை இல்லை.