கூலி அளக்கும் படம் எங்கே?

டெல்டாவைப் பற்றிய பாடநூலையோ நாட்காட்டியையோ புரட்டினால் பெரும்பாலும் ஒரே படம்தான் கண்ணில் படும். பச்சை வயல், சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள், கீழே "தமிழகத்தின் நெற்களஞ்சியம்" என்று ஒரு வரி. அந்தப் பெண்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. முகமும் தெரியாது. முதுகு மட்டும் தெரியும்.

ஆனால் நடவு என்பது நீண்ட வரிசை ஒன்றின் நடுவில் இருக்கும் ஒரு காட்சி. நாற்றங்காலில் விதை விடுவது, நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது, கட்டுத் தூக்கிக் களத்துக்குப் போவது, அடிப்பது, தூற்றுவது, கடைசியில் கூலி நெல் அளப்பது. இந்த வரிசையில் முதல் எட்டுக்கும் படம் தேடினால் கிடைத்துவிடும். ஒன்பதாவதைத் தேடிப் பாருங்கள். மரக்காலைப் பிடித்திருக்கும் கையும், எதிரே துணியை ஏந்தி நிற்கும் கையும் ஒரே சட்டத்துக்குள் வரும் படம் அரிது. உழைப்பு அழகாக இருக்கிறது, படமெடுக்கிறார்கள். பங்கு பிரிக்கும் இடத்தில் சாதி வெளியே வந்துவிடுகிறது.

நம் வட்டாரத்தில் கேமரா முதலில் எதைப் பார்த்தது? 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக ஆக்கினார். அந்தக் காலத்துக் கருவிகளோடு அது பெரிய சாதனைதான். ஒரு வரிசையை விட்டுப்போகாமல் பதிவு செய்தால்தான் பிற்காலத்தில் யாராவது படிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் வரி விலக்கு பெற்ற நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, தனியாகப் பறைச்சுடுகாடு ஆகியவையும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் குடியிருப்பும் சுடுகாடும் தனியாக அளந்து குறிக்கப்பட்டுவிட்டன. கல்லில் நாம் இடமாக இருக்கிறோம். ஆட்களாக இல்லை.

பிறகு நம் முகம் படத்துக்குள் வந்தபோதும் பெயர் வரவில்லை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கிறது. மூக்கையும் தலையையும் அளந்தவர்களுக்கு, எதிரே நின்றவரின் பெயர் தேவைப்படவில்லை.

இனி அந்த ஒன்பதாவது காட்சிக்கு வருவோம். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் கூலிக்கான போராட்டம் ஓயவில்லை. செங்கொடிச் சங்கத்தின் கீழ் திரண்ட கீழவெண்மணித் தொழிலாளர்கள் கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார்கள். சங்கத்தை விட்டு விலகச் சொல்லி மிரட்டினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் தொனி.

சாம்பலை மட்டும் காட்டினால் வெண்மணி ஒரு கொடூர இரவு. "கூலித் தகராறு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம், அப்படித்தான் முடித்தும் பார்த்தார்கள். சங்கம், அரைப்படி, வெளியூர் ஆட்கள், தீ, தீர்ப்பு என்று வரிசையாக வைத்தால் நிலமும் சாதியும் நீதிமன்றமும் எப்படிக் கைகோத்தன என்று தெரியும். 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் அந்த வரிசையை, உயிரோடிருந்தவர்களின் வாயாலேயே சொல்ல வைத்தது.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலைப் போராளியான ஃபிரெடெரிக் டக்ளஸ் தம்மை 160 தடவைக்கு மேல் படம் எடுக்கவைத்தார். கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த நாட்டில், நிமிர்ந்து பார்க்கும் ஒரு முகத்தை அவர் விடாமல் நிறுத்தினார். நம் சேரி வீடுகளில் கோட்டு அணிந்த அம்பேத்கர் படம் செய்வதும் அதே வேலைதான்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் படங்கள் எத்தனை? ஒரு கல்யாணப் படம், அட்டைக்காக எடுத்த சிறு படம், இறந்த பிறகு அதையே பெரிதாக்கி மாலை போட்ட படம். ஒரு மனுஷியின் அறுபது வருஷம் மூன்று படங்களில் முடிகிறது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் கூரை பறந்த குடிசைகளில் அவையும் நனைந்து ஒட்டிப்போயின.

இப்போது எல்லோர் கையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது, கையால் அறுத்த தலைமுறை வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே தோழர்களே, உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் சம்மதம் கேட்டு, விடியலில் அடுப்பு மூட்டுவதிலிருந்து சாயங்காலம் கூலி எண்ணி வாங்குவது வரை ஒரு முழு நாளை வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். அன்றைய கூலி எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

ஒன்பதாவது படத்தை விட்டுவிடாதீர்கள்.