பாசிக் கல்லும் பழி சுமந்த காலணியும்

19-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்தில் ஆற்றுக்குள் இறங்கி ட்ரவுட்டும் சால்மனும் பிடித்தவர்களின் காலடியில் இரும்பு இருந்தது. தடித்த தோல் பூட்ஸின் சோலில் வரிசை வரிசையாக லாட ஆணிகளை அறைந்திருந்தார்கள். ஃப்ளை ஃபிஷிங் என்ற அந்தத் தூண்டில் கலைக்கு மண்புழு தேவைப்படவில்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை நீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்ற வேண்டும். கரையில் நின்று வீசினால் நூல் முதுகுக்குப் பின்னாலிருக்கும் மரக்கிளையில் போய்ச் சிக்கும். மீனோ நடு ஆற்றில் நிற்கும். ஆகவே இறங்கித்தான் ஆகவேண்டும். நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்த வெள்ளைக்காரர்களும் இந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள்தான். சிறு கற்களுக்கு நடுவே ஆணி நன்றாகவே பிடித்தது. ஆனால் வழவழப்பான பெரும்பாறை மீது கால் வைத்ததும் இரும்பு கிறீச்சிட்டது, ஆள் மல்லாந்தார். வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அந்த வழி உலகின் இன்னொரு மூலையில், வைக்கோலில் ஆரம்பித்தது.

ஜப்பானில் கோடைகாலத்து ஆற்று மீன் என்றால் அது ஆயு. வளர்ந்த ஆயு தின்பதே கல்லில் படரும் பாசியைத்தான். அதனால் ஆயுவைத் தேடிப் போனவர்கள், ஆற்றிலேயே அதிகம் வழுக்கும் இடமாகப் பார்த்துப் போய் நிற்கவேண்டியிருந்தது. அங்கே காலைக் காப்பாற்றியது வராஜி என்னும் செருப்பு. வைக்கோலைப் புரியாகத் திரித்துப் பின்னியது. நனைந்த வைக்கோலின் இழைகள் பாசிப்படலத்துக்குள் புகுந்து கல்லைப் பற்றிக்கொண்டன. குறை ஒன்றே ஒன்று. கடுமையாக உழைத்தால் ஒரு ஜோடி ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

குருமே நகரத்தில் துணிக் காலுறை தைத்து விற்ற குடும்பத்தில் பிறந்த இஷிபாஷி ஷோஜிரோவுக்கு அந்தக் குறைதான் வாய்ப்பாகத் தெரிந்தது. கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்த தாபி என்னும் அந்தக் காலுறைக்கு அடியில் ரப்பரை ஒட்டி, 1923-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். சுரங்கத் தொழிலாளியும் வயல் வேலைக்காரரும் வைக்கோலை உதறிவிட்டு அதை மாட்டிக்கொண்டார்கள். ரப்பர் பணம் கொட்டியது. 1931-இல் அவர் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால் ஆயு பிடிப்பவர்களுக்கு ரப்பர் உதவவில்லை. பாசிக் கல்லில் அது சறுக்கியது. கம்பளி இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியைத் தாபியின் அடியில் ஒட்டியபோதுதான் வைக்கோலின் பிடிப்பு திரும்பக் கிடைத்தது. ஆற்றில் தோற்ற அதே ரப்பருக்கு மலையில் வேறொரு பிறவி காத்திருந்தது. அதற்கு விலையாக ஆறு உயிர்கள் போயின.

1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸின் புந்தா ராசிக்கா சிகரத்துக்கு மலையேறிகளின் குழு ஒன்று கிளம்பியது. பாறை ஏற வசதியாக இருக்கட்டுமென்று கனத்த பூட்ஸைக் கீழேயே விட்டுவிட்டு மெல்லிய சோல் வைத்த காலணியோடு ஏறினார்கள். மேலே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பனியில் அந்தச் செருப்பால் இறங்கவும் முடியவில்லை, குளிரைத் தாங்கவும் முடியவில்லை. ஆறு பேர் செத்தார்கள். குழுவில் இருந்து பிழைத்துவந்த விதாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் பொதுவான ஒரு சோல் இல்லாமல் போனதே என்று குமைந்தார். பிரெல்லி டயர் நிறுவனத்தின் துணையோடு 1937-இல் ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் சோலைச் செய்துமுடித்தார். தன் பெயரின் முன்பாதியையும் குடும்பப் பெயரின் முன்பாதியையும் சேர்த்து விப்ரம் என்று பெயரிட்டார். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்களின் காலில் அந்த சோல்தான் இருந்தது. அப்படிப்பட்ட சோல் ஆற்றங்கரைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்றால், தூண்டில்காரர் இடுப்பளவு நீரில் குப்புற விழுந்தார்.

காரணம் கல்லின் மேல் இருந்தது. ஆற்றுக் கல்லில் படரும் வழுவழுப்பில் டையாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மணல் எதனால் ஆனதோ அதே சிலிக்காவால் ஓடு கட்டிக்கொண்டு, சுற்றிலும் பசை சுரந்து வாழ்பவை. கெட்டி ரப்பர் அந்தப் பசைமேல் படுத்துக்கொண்டு வழுக்குகிறது. கல்லை அது தொடுவதே இல்லை. ஃபெல்ட்டின் இழைகளோ ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பசைக்குள் இறங்கிக் கல்லின் சொரசொரப்பைத் தொடுகின்றன. அமெரிக்கத் தூண்டில்காரர்கள் இந்த விளக்கத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. கோடையில் இடுப்பு வரை மூடும் ரப்பர் உடுப்பு வெந்து புழுங்கியதால் அதைக் கழற்றி வீசிவிட்டு, அரைக்கால் சட்டையோடு, பழைய கான்வாஸ் ஷூவின் அடியில் தரைவிரிப்புத் துண்டையோ ஃபெல்ட்டையோ ஒட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாசிக் கல் கடைசியில் அடங்கியது. ஆனால் ஷூவுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே போக வழி தெரியாமல், ஒவ்வொரு அடியிலும் காலைக் கீழே இழுத்தது.

அந்த வழியைத் திறந்தது போர். வெப்பமண்டலக் காடுகளில் அமெரிக்கச் சிப்பாய்களின் பாதங்கள் ஊறி அழுகின. இரண்டாம் உலகப் போரின்போது துணி மேற்பாகம் வைத்த காட்டு பூட்ஸ் பிறந்தது. வியட்நாம் போர்க் காலத்து பூட்ஸில் உள்ளங்காலின் வளைவுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன உலோக வளையம் வைத்த ஓட்டைகள் இருந்தன. உள்ளே தண்ணீர் வரும், நடந்தால் பீய்ச்சி வெளியேறும். நீரைத் தடுக்கப் பார்ப்பதைவிட வந்த நீரை வெளியேற்றுவதே மேல் என்ற அந்தச் சின்ன ஓட்டையின் யோசனையை, இந்தக் கதையிலேயே ஆகச் சிறந்த யோசனை என்று நினைக்கிறேன். அதை இன்னும் ஒரு படி தாண்டிப் போனவர் கிராண்ட் கேன்யனின் படகு வழிகாட்டி மார்க் தாச்சர். 1984-இல், ஆற்றில் அடித்துப் போகாதபடி ரப்பர் செருப்புக்குக் கணுக்கால் பட்டை போட்டார். டீவா என்ற பெயரில் அது பரவியது. தூண்டில்காரர்கள் சிலர் அதையும் மாட்டிப் பார்த்தார்கள். பாதத்துக்கும் செருப்புக்கும் நடுவே கூழாங்கல் புகுந்தது, கண்ணுக்குத் தெரியாத பாறையில் கட்டைவிரல் இடித்தது. திரும்பவும் ஃபெல்ட் சோலுக்கே வந்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை, மாடிசன் ஆற்றில் மீன்கள் வட்டமடிக்கத் தொடங்கும்வரை.

மோன்டானா மாநிலத்தின் மாடிசன், உலகமெங்கும் இருந்து ஆள் வரும் ட்ரவுட் ஆறு. அங்கே 1990-களில் ரெயின்போ ட்ரவுட்டின் எண்ணிக்கை சரிந்தது. சில பகுதிகளில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. 1994-இல் குற்றவாளி அகப்பட்டான். குஞ்சு மீனின் குருத்தெலும்பைத் தின்னும் ஐரோப்பிய ஒட்டுண்ணி அது. நோய்பிடித்த குஞ்சு தன் வாலைத் தானே துரத்துவதாகச் சுழன்று சுழன்று செத்தது. அதன் வித்துகள் ஆற்றடிச் சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. ஏற்கனவே 1987-இல் ஐடஹோவின் ஸ்நேக் ஆற்றில் நியூசிலாந்துச் சேற்று நத்தை என்ற பொடிப்பொடியான நத்தையும் வந்து சேர்ந்திருந்தது. அதில் ஒன்றே ஒன்று போதும், துணையில்லாமல் ஒரு கூட்டத்தையே பெற்றுவிடும். இதெல்லாம் ஆறு விட்டு ஆறு எப்படித் தாண்டுகிறது என்று தேடியவர்களின் கண், மெல்ல மெல்லத் தூண்டில்காரரின் காலடிக்கு இறங்கியது.

2004 அக்டோபரில் நியூசிலாந்தின் தென் தீவில், வையாவ் ஆற்றில், கற்களை ஏதோ ஒன்று பழுப்பாக மூடிக் கிடந்தது. பார்த்தால் சளி, தொட்டால் ஈரக் கம்பளி போல இருந்தது. டிடிமோ என்னும் டையாட்டம். தென் அரைக்கோளத்தில் இப்படி அது படர்ந்து யாரும் பார்த்ததில்லை. பறந்து வரும் உயிரல்ல, நீந்தி வரும் உயிரும் அல்ல. வட அரைக்கோளத்து ஆறுகளில் நின்ற கால்கள் விமானம் ஏறி இங்கே இறங்கியிருக்கின்றன. நாள்கணக்கில் ஈரம் காயாமல், ஒவ்வொரு இழைக்கு நடுவிலும் செல்களைப் பத்திரமாகப் பொத்தி வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் அந்தக் கால்களில் இருந்தது. எது பாசிக்குள் புகுந்து ஆளைக் காப்பாற்றியதோ, அதே இழைதான் பாசியைச் சுமந்து வந்திருக்கிறது என்று தீர்ப்பானது. 2008-இல் நியூசிலாந்து ஃபெல்ட் சோலைத் தடை செய்தது.

அமெரிக்காவிலும் பதற்றம் தொற்றியது. ட்ரவுட் அன்லிமிடெட் என்ற பாதுகாப்பு அமைப்பு, 2011-க்குள் ஃபெல்ட்டைக் கைவிடச் சொல்லித் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. மோன்டானாவின் சிம்ஸ் நிறுவனம் ஒரு படி முன்னே போய், 2010 முதல் ஃபெல்ட் ஷூவே செய்யமாட்டோம் என்றது. அப்படியானால் எதை ஒட்டுவது? அழைப்பு போனது இத்தாலிக்கு, விப்ரமுக்கு. பாசிக் கல்லில் அத்தனை பேரைக் குப்புறத் தள்ளிய ரப்பர், இந்தமுறை மென்மையான கலவையில், ஈரத்துக்கென்றே தயாராகி வந்தது. அது போதாத இடத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு ஆணிகளைத் திருகிக்கொள்ளலாம் என்றார்கள்; ஸ்காட்லாந்துக்காரரின் லாட ஆணி நூறாண்டு கழித்துத் திரும்பி வந்தது. ஆனாலும் ஃபெல்ட் அளவுக்குப் பிடிக்கவில்லை என்று வயதான தூண்டில்காரர்கள் முறையிட்டார்கள். சொன்ன சொல்லை விட்டுக்கொடுத்து சிம்ஸ் சில ஆண்டுகளிலேயே ஃபெல்ட்டை மறுபடி அலமாரியில் வைத்தது. அதற்குள் மேரிலாந்தும் வெர்மான்ட்டும் 2011-இல், அலாஸ்கா 2012-இல் தடை போட்டுவிட்டிருந்தன. அந்தத் தடைகளுக்கு அறிவியல் துணை தந்தவர்களில் ஒருவர், தன் சாட்சியத்தையே திரும்பப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

மாக்ஸ் பாத்வெல் கனடா அரசின் ஆராய்ச்சியாளர். வான்கூவர் தீவின் ஆறுகளில் டிடிமோ படர்ந்த வரலாற்றைத் தொகுத்து 2009-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே மீன்பிடிப்பவரின் பூட்ஸ் இருந்தது. ஆனால் வட அமெரிக்க ஏரிகளின் அடிமண்ணில் டிடிமோவின் சிலிக்கா ஓடுகள் பழங்காலப் படிவுகளிலேயே கிடந்தன. வந்தேறி என்று நினைத்தது அந்த மண்ணின் பூர்வகுடி. பிறகு ஏன் திடீரென்று படர்ந்தது? நீரில் பாஸ்பரஸ் மிகவும் குறையும்போது அந்தச் செல் பெருகுவதைக் குறைத்து, தண்டை நீட்டிக்கொண்டே போகிறது. கல்லை மூடிய அந்தப் பழுப்புக் கம்பளம் முழுக்க அந்தத் தண்டுகள். உலகமெங்கும் ஓடைகளில் பாஸ்பரஸ் குறைந்துவருவதே காரணம் என்று 2014-இல் பாத்வெல் சகாக்களோடு எழுதினார். வட அமெரிக்காவைப் பொறுத்தவரை பூட்ஸ் மீதான பழி நிற்கவில்லை. தான் எழுதிப் பரவலாக ஏற்கப்பட்ட ஒன்றைத் தானே மறுக்க எத்தனை நேர்மை வேண்டும்! 2016-இல் வெர்மான்ட் தடையை நீக்கியது.

ஃபெல்ட் அத்தோடு முழு விடுதலை பெற்றுவிடவில்லை. நியூசிலாந்தில் டிடிமோ உண்மையிலேயே வெளியிலிருந்து வந்ததுதான். நத்தையும் மீனைச் சுழலவைத்த ஒட்டுண்ணியின் வித்தும் ஈரச் சேற்றில் பயணிப்பதும் உண்மைதான். 2018-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தன் ஆறுகளில் ஃபெல்ட் சோலுக்குத் தடை விதித்தது. அதைச் சரியென்றே சொல்வேன். கல்லில் விழுந்தவர் எழுந்துகொள்ளலாம், ஒட்டுண்ணி புகுந்த ஆற்றைத் திருப்பி எடுக்க முடியாது.

இப்படித்தான் இன்று மோன்டானாவின் கடைகளில் கோடையில் ஆற்றில் இறங்குவதற்கென்று அடுக்கியிருக்கும் தூண்டில்காரரின் ஷூ வந்து சேர்ந்தது. நீர் உறிஞ்சாத செயற்கைத் துணி, பக்கவாட்டில் சிப்பாயின் ஓட்டைகள், இடிபடாமல் விரலை மூடும் ரப்பர் மூக்கு, அடியில் மலையேறியின் ரப்பர், அதில் ஆணி திருகத் துளைகள். உள்ளே போட நியோப்ரீன் காலுறை, கூழாங்கல் புகாமல் மேலே மடித்துவிட ஒரு மடிப்பு. பக்கத்து அலமாரியில் கார்க்கர்ஸ் நிறுவனத்தின் ஷூ இருக்கும். அதன் சோலைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். தடை இல்லாத ஆற்றுக்கு ஃபெல்ட், பூங்கா எல்லைக்குள் ரப்பர். இரண்டு சோலும் ஒரே பெட்டியில் வருகின்றன.