முன்னால் ஒரு விமானம் ஓடுபாதையில் இருக்கும்போதே பின்னால் இன்னொன்று இறங்கலாமா? விதி சொல்வது என்ன?

2024 ஜூன் 8. மும்பை விமான நிலையம். திருவனந்தபுரம் செல்லும் ஏர் இந்தியா விமானம் 27ஆம் எண் ஓடுபாதையில் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் அந்த நேரத்தில், இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதே ஓடுபாதையின் மறுமுனையில் வந்து இறங்குகிறது. சில விநாடிகளே ஓடும் அந்த வீடியோ சமூக வலைதளங்களில் வைரலானது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. டிஜிசிஏ விசாரணையைத் தொடங்கியது. சம்பந்தப்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். எங்கள் விமானி ஏடிசி சொன்னபடிதான் இறங்கினார் என்றது இண்டிகோ. ஏடிசி அனுமதி கொடுத்த பிறகுதான் ஓடுபாதைக்குள் போனோம் என்றது ஏர் இந்தியா.

ஆக, ரெண்டு பேர் கையிலும் அனுமதி இருந்தது. அப்புறம் எப்படி ஒரே ஓடுபாதையில் ரெண்டு விமானம்? அதைப் புரிந்துகொள்ள, ‘தரையிறங்க அனுமதி’ என்ற வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று பார்க்க வேண்டும்.

வாசலைத் தாண்டும் அந்த நொடி

ஓடுபாதையின் தொடக்கத்தில் பியானோ கட்டைகள் போல வெள்ளைப் பட்டைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானிகள் அந்த இடத்தை த்ரெஷோல்ட் என்பார்கள். நம்ம பாஷையில் வாசல்படி. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையங்களில் இறங்கும் விமானத்துக்கான விதி முழுக்க இந்த வாசலைச் சுற்றித்தான் இருக்கிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அடிப்படை விதி இதுதான்: பின்னால் வரும் விமானம் வாசலைத் தாண்டுவதற்குள், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு முழுவதுமாக வெளியேறியிருக்க வேண்டும். முன்னால் இருப்பது இறங்கிய விமானம் அல்ல, புறப்படும் விமானம் என்றால், அது ஓடுபாதையின் கடைசி முனையைத் தாண்டிப் பறந்திருக்க வேண்டும், அல்லது வானில் ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

கவனிங்க, பின்னால் வரும் விமானம் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது ஓடுபாதை காலியாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 2 கிலோமீட்டரில் இருக்கும்போதும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டும் அந்த நொடியில் காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு, ‘ஐயோ, கீழே இன்னொரு விமானம் நிக்குதே’ என்று தோன்றும் பல நேரங்களில் உண்மையில் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது.

2,400 மீட்டர் சலுகை

இந்த அடிப்படை விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. நெரிசலான விமான நிலையங்களுக்காக ஐகாவோவே கொடுத்திருக்கும் குறைந்தபட்ச இடைவெளி விதி அது. அதன்படி, முன்னால் உள்ள விமானம் ஓடுபாதையைவிட்டு வெளியேறும் முன்பே பின்னால் வருவது வாசலைத் தாண்டலாம்.

ஆனால் எவ்வளவு தூரம் முன்னால் போயிருக்க வேண்டும் என்பது விமானத்தின் ரகத்தைப் பொறுத்தது. ஒற்றை இன்ஜின் கொண்ட, 2,000 கிலோவுக்கு மிகாத சின்ன புரொப்பல்லர் விமானம் இன்னொரு சின்ன விமானத்தின் பின்னால் இறங்குகிறது என்றால் 600 மீட்டர் போதும். அதைவிடக் கொஞ்சம் பெரிய, 7,000 கிலோவுக்குக் குறைவான புரொப்பல்லர் விமானம் என்றால் 1,500 மீட்டர். நாம் பயணம் செய்யும் ஏ320, போயிங் 737 எல்லாம் மூன்றாவது ரகம். இவற்றுக்கு 2,400 மீட்டர். முன்னால் இறங்கிய விமானம் அந்த தூரத்தைத் தாண்டி, நிற்காமல் நகர்ந்துகொண்டே, வந்த வழியே திரும்பாமல் வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும். புறப்படும் விமானம் என்றால் அந்த தூரத்தைத் தாண்டியிருக்க வேண்டும், அதோடு வானிலும் இருக்க வேண்டும்.

நிபந்தனைகள் இத்தோடு முடியவில்லை. குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகம் 300 மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. பின்பக்கக் காற்று 5 நாட் வேகத்தை, அதாவது மணிக்கு சுமார் 9 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்கி பிரேக் பிடிப்பது பாதிக்கப்படக் கூடாது. முன்னால் ஒரு விமானம் இருக்கிறது என்பதைப் பின்னால் வரும் விமானிக்குச் சொல்லியாக வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை இந்த சலுகையே கிடையாது. எந்த விமான நிலையத்தில் இதைப் பயன்படுத்தலாம் என்பதையும் பாதுகாப்பு ஆய்வு செய்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அந்த மும்பை வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். இண்டிகோ வாசலைத் தாண்டும்போது ஏர் இந்தியா ஓடுபாதையின் கடைசி முனையைத் தாண்டவில்லை. அதனால் அடிப்படை விதி நிறைவேறவில்லை. சரி, சலுகை விதிப்படியாவது? அதற்கும் ஏர் இந்தியா ஏற்கனவே வானில் இருந்திருக்க வேண்டும். வீடியோவில் இண்டிகோ தரை தொடும் சமயத்தில்தான் அது எழும்புகிறது. யார் தவறு என்பது விசாரணை சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் ‘இதெல்லாம் சகஜம்’ என்று கடந்துபோகிற இடைவெளி அது இல்லை.

10 விநாடி தாமதித்தால் 700 மீட்டர்

கோபுரத்தில் இருப்பவரின் கணக்கு எவ்வளவு நெருக்கடியானது என்று பாருங்கள். இறங்க வரும் ஒரு ஏ320 விமானத்தின் வேகம் சுமார் 140 நாட். அதாவது விநாடிக்கு 72 மீட்டர். வரிசையாக வரும் இரண்டு விமானங்களுக்கு இடையே வழக்கமான ரேடார் இடைவெளி 3 நாட்டிகல் மைல், சுமார் 5.5 கிலோமீட்டர். குறிப்பிட்ட நிபந்தனைகளோடு கடைசிக் கட்டத்தில் அதை 2.5 நாட்டிகல் மைலாகக் குறைக்கலாம். 3 நாட்டிகல் மைலைக் கடக்க 77 விநாடி, 2.5 நாட்டிகல் மைலுக்கு 64 விநாடி. அந்த நேரத்துக்குள் முன்னால் இறங்கியது வேகம் குறைந்து, பக்கவாட்டு டாக்ஸிவேயில் திரும்பி, வால் பகுதி உட்பட முழுசாக வெளியே போயிருக்க வேண்டும்.

(முன்னால் போவது பெரிய விமானம் என்றால் இடைவெளி இன்னும் கூடும். அது கிளப்பிவிடும் காற்றுச் சுழல்தான் காரணம். போயிங் 777 போன்ற கனரக விமானத்தின் பின்னால் ஏ320 வந்தால் 5 நாட்டிகல் மைல் வேண்டும்.)

இறங்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவில் ஒன்றைப் புறப்பட வைப்பதுதான் உண்மையான சோதனை. நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கி ஓடுபாதையின் மறுமுனையைத் தாண்ட ஒரு பயணிகள் விமானத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அப்படியென்றால் பின்னால் வருவது 4 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும்போதே இது ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். புறப்படும் விமானி ஏதோ ஒரு கடைசி நேரச் சரிபார்ப்புக்காக 10 விநாடி கூடுதலாக நின்றுவிட்டால்? பின்னால் வருபவர் 700 மீட்டர் கிட்ட வந்திருப்பார். அவ்வளவுதான், கணக்கு கெட்டுப்போகும்.

மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். 2024 தொடக்கத்தில், நெரிசல் நேரத்தில் மணிக்கு 46 ஆக இருந்த விமான இயக்கத்தை 44 ஆகக் குறைக்க உத்தரவிடப்பட்டது. 46 என்றால் 78 விநாடிக்கு ஒரு விமானம், 44 என்றால் 82 விநாடிக்கு ஒன்று. மணிக்கு ரெண்டே ரெண்டு விமானம் குறைத்ததில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் அந்த 4 விநாடியின் மதிப்பு தெரியும்.

அனுமதி என்பது ஒரு கணிப்பு

ஐகாவோ விதிப்படி, பின்னால் வரும் விமானம் வாசலைத் தாண்டும்போது தேவையான இடைவெளி இருக்கும் என்று நியாயமான நம்பிக்கை இருந்தால் கோபுரம் முன்கூட்டியே தரையிறங்க அனுமதி கொடுக்கலாம். ஆனால் முன்னால் இறங்குகிற விமானம் வாசலைத் தாண்டும்வரை அடுத்ததற்கு அனுமதி தரக் கூடாது.

அமெரிக்காவில் இதைவிடத் தாராளம். அங்கே முன்னால் இரண்டு மூன்று விமானங்கள் வரிசையில் இருந்தாலும், ‘நீங்கள் மூன்றாவது, தரையிறங்கலாம்’ என்று பல மைல் தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். கடைசி நேரத்தில் ரேடியோவில் பேச்சு குறையும் என்பது அதன் பலன். ஆனால் சூழ்நிலை மாறினால் அனுமதியை ரத்து செய்ய யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

2023 பிப்ரவரி 4 அன்று டெக்சாஸின் ஆஸ்டினில் நடந்ததைப் பாருங்கள். அடர்ந்த மூடுபனி. ஃபெடெக்ஸ் சரக்கு விமானமான போயிங் 767க்கு இறங்க அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது. அது சுமார் 3 மைல் தூரத்தில் இருக்கும்போது, அதே ஓடுபாதையிலிருந்து புறப்பட சவுத்வெஸ்ட் போயிங் 737க்கும் அனுமதி கிடைத்தது. உடனே கிளம்பிவிடும் என்று கோபுரத்தில் இருந்தவர் கணக்குப் போட்டார். அது உடனே கிளம்பவில்லை. பனியில் அவருக்கு ஓடுபாதையே தெரியவில்லை. தரையில் உள்ள விமானங்களைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை. கீழே நிழல்போல ஒரு விமானம் தெரிந்ததும் ஃபெடெக்ஸ் விமானிகள் யார் உத்தரவுக்கும் காத்திராமல் மேலே ஏறினார்கள். இரண்டு விமானங்களுக்கும் இடையே இருந்த உயர இடைவெளி சுமார் 50 மீட்டர்தான். சவுத்வெஸ்ட் விமானத்தில் 128 பேர் இருந்தார்கள்.

‘வானில் வட்டமடித்த விமானம்’

இறங்க வந்த விமானம் கடைசி நேரத்தில் மேலே ஏறுவதற்கு ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர். உடனே ‘நூலிழையில் தப்பிய பயணிகள்’ என்று தலைப்பு போட்டுவிடுவோம் (எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்). உண்மையில் பெரும்பாலான கோ-அரவுண்ட் விபத்திலிருந்து தப்பியது அல்ல. மேலே சொன்ன கணிப்பு பலிக்காது என்று தெரிந்ததும் எடுக்க வேண்டிய அடுத்த படி. கோபுரமும் சொல்லலாம், விமானியும் தானே முடிவெடுக்கலாம். தரையிறங்க அனுமதி என்பது இறங்கியே ஆக வேண்டும் என்ற உத்தரவு கிடையாது.

2025 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து எம்.பி.க்களுடன் டெல்லி சென்ற ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டது. முதல் முறை இறங்க வந்தபோது மறுபடி மேலே ஏறியது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருந்ததாகச் சொல்லப்பட்டது என்று அதில் பயணித்த காங்கிரஸ் எம்.பி. கே.சி.வேணுகோபால் பதிவிட்டார். ஏடிசி சொன்னதால்தான் கோ-அரவுண்ட் செய்தோம், ஓடுபாதையில் வேறு விமானம் இருந்தது காரணமில்லை என்று ஏர் இந்தியா மறுத்தது. ஒருவேளை இன்னொரு விமானமே இருந்திருந்தாலும், வாசலுக்கு முன்பே மேலே ஏறிய விமானம் விதியைக் காப்பாற்றிய விமானம்தான்.

விதியால் பிடிக்க முடியாதது

இந்தக் கணக்கெல்லாம் ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது. ஓடுபாதையில் விமானம் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில், அந்தி சாய்ந்த பிறகு, ஒரு சின்ன ஸ்கைவெஸ்ட் விமானத்தை ஓடுபாதையில் போய் நிற்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், அது அங்கே நிற்பதை மறந்து, யுஎஸ்ஏர் போயிங் 737க்கு அதே ஓடுபாதையில் இறங்க அனுமதி கொடுத்தார். சின்ன விமானத்தில் இருந்த 12 பேரும், போயிங்கில் 23 பேரும் இறந்தார்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் நடந்தது வேறு மாதிரி. நிலநடுக்க நிவாரணப் பொருட்களோடு புறப்படவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, ‘நீங்கள் நம்பர் ஒன்’ என்று சொல்லி, ஓடுபாதைக்கு வெளியே உள்ள நிறுத்தக் கோடுவரை வரச் சொன்னது கோபுரம். அதன் கேப்டன் ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து உள்ளே போய்விட்டார். அங்கே சுமார் 40 விநாடிகள் நின்றது அந்த விமானம். முறைப்படி இறங்க அனுமதி பெற்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் வந்து மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். தீப்பிடித்த ஏ350லிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள்.

நிறுத்தக் கோட்டில் எரிய வேண்டிய சிவப்பு விளக்குகள் அப்போது பயன்பாட்டில் இல்லை. ஓடுபாதையில் விமானம் இருப்பதைக் காட்டும் எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறைத் திரையில் வந்திருந்தது, ஆனால் யாரும் கவனிக்கவில்லை. விபத்து நடந்த சில நாட்களிலேயே ஹனேடாவில் ‘நம்பர் ஒன்’ என்று வரிசை சொல்வதை நிறுத்திவைத்தார்கள். அந்தத் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க தனியாக ஒருவரை உட்கார வைத்தார்கள்.