தவக்காலத்தின் பதினேழாம் நாள்



1865ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நண்பகல் கடந்த வேளை. ஜப்பானின் நாகசாகி நகரில், துறைமுகத்தைப் பார்த்தவாறு ஒரு மேட்டின்மீது புதிய ஆலயம் ஒன்று நிற்கிறது. ஓவுரா ஆலயம் என்பது அதன் பெயர். அர்ச்சிக்கப்பட்டு ஒரு மாதம்கூட நிறையவில்லை. அது அந்நாட்டு மக்களுக்காகக் கட்டப்பட்ட ஆலயம் அன்று. வணிகத்திற்காக வந்து தங்கியிருந்த வெளிநாட்டவருக்காக மட்டுமே கட்டப்பட்டது. ஜப்பானியர் ஒருவர் கிறிஸ்தவராக இருப்பது அன்றும் கடும் தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது.

ஆலயத்தின் பொறுப்பில் இருந்தவர் பெர்னார் பெத்திஜான் என்ற பிரெஞ்சு அருள்பணியாளர். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். வாசலில் ஆண்கள், பெண்கள், சிறுவர் எனப் பத்துப் பதினைந்து பேர் நிற்பதைக் கண்டார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தாலும், அவர்கள் நின்ற விதம் அவருக்கு வேறாகத் தெரிந்தது. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே சென்று, நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிட்டார். கர்த்தர் கற்பித்த செபத்தை ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம்தான் ஆகியிருக்கும் என்று பின்னாளில் அவர் எழுதினார். மூன்று பெண்கள் அருகில் வந்து முழந்தாளிட்டனர். அவர்களுள் ஒருவர் நெஞ்சில் கைவைத்து, சுவர்களுக்கும் காது உண்டு என்று அஞ்சுபவர்போல் மெல்லிய குரலில், இங்கிருக்கும் எங்கள் எல்லாருடைய நெஞ்சமும் உங்கள் நெஞ்சம்போன்றதே என்றார். அடுத்துக் கேட்டது, அன்னை மரியாவின் திருவுருவம் எங்கே என்று.

இந்நிகழ்வை நாம் மறையுரைகளில் கேட்டிருப்போம். ஆனால் அதற்குப்பின் நடந்த உரையாடலில் வந்த ஒரு சிறு வார்த்தையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இன்று நாம் தங்க விரும்புவது அங்கேதான். அன்னையின் திருவுருவத்தைக் கண்டு மகிழ்ந்த அம்மக்கள், பனிமாதத்தின் 25ஆம் நாள் ஆண்டவர் பிறந்த விழாவைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். பிறகு, இப்போது துயரக் காலத்தின் பதினேழாம் நாளில் இருக்கிறோம், நீங்களும் இதைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று குருவிடம் கேட்டார்கள்.

துயரக் காலம் என்பது நமது தவக்காலம். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 16ஆம் நாள். திருநீற்றுப் புதன் மார்ச் முதல் நாள். எண்ணிப் பாருங்கள். மார்ச் 17, தவக்காலத்தின் சரியாகப் பதினேழாம் நாள்!

அந்நாட்டில் இருந்த கடைசிக் குரு கொல்லப்பட்டது 1644ஆம் ஆண்டில். அன்றுமுதல் இருநூற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருப்பலி இல்லை, ஒப்புரவு அருளடையாளம் இல்லை, ஆலயம் இல்லை, கோவில் மணி இல்லை. அப்படியிருந்தும் உராகாமி என்ற சிற்றூரின் உழவர் குடும்பங்களுக்கு அன்று தவக்காலத்தின் எத்தனையாவது நாள் என்பது தெரிந்திருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு, ஆலய அறிவிப்போ கைப்பேசியோ இல்லாமல், அது தெரிந்திருக்கும்?

இது எப்படி நடந்தது என்று பார்க்க, முதலில் நம் கடற்கரைக்கு வரவேண்டும். ஜப்பானில் நற்செய்தியை முதலில் அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியார், அங்குச் செல்வதற்குமுன் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். 1544 சனவரி 15 அன்று அவர் எழுதிய மடலில், மொழி தெரிந்த சிலரைக் கூட்டிச் சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழில் பெயர்த்துத் தாமே மனப்பாடம் செய்ததைச் சொல்கிறார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை செபங்களைக் கற்பித்தார். கற்ற பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. தம்மால் செல்ல இயலாத நோயாளிகளின் வீடுகளுக்கும் அப்பிள்ளைகளையே செபிக்க அனுப்பினார். குரு இல்லாத ஊரில் செபம் வீட்டாரின் வாயில் இருக்கவேண்டும் என்பதை அவர் நம் பரவர் குடியிருப்புகளில் நேரில் கண்டுணர்ந்தவர். 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கியபோதும் இந்த அனுபவம் அவரோடு சென்றது.

அவருக்குப்பின் வந்த இயேசு சபையினரும், பிறகு பிரான்சிஸ்கன், தொமினிக்கன் துறவியரும் ஜப்பானில் பொதுநிலையினரின் பக்த சபைகளை ஊர்தோறும் ஏற்படுத்தினர். அவை பெரிய ஆரவாரமில்லாத சிறு குழுக்கள். சேர்ந்து செபிப்பது, நோயாளியைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது ஆகியவையே அவற்றின் வேலை. 1597இல் நிஷிசாகா குன்றில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு, குருக்கள் வெளியேற்றப்பட்டு, ஆலயங்கள் இடிக்கப்பட்டன. இடிப்பதற்குக் கட்டடம் இல்லாத இந்தச் சிறு குழுக்கள்தாம் எஞ்சின.

உராகாமியில் அவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. ஒருவர் நாட்காட்டிப் பொறுப்பாளர். இன்னொருவர் திருமுழுக்கு அளிப்பவர். மற்றும் சிலர் செய்தியை வீடுவீடாகச் சொல்பவர்கள். நாட்காட்டிப் பொறுப்பாளரின் கையில் இருந்தது 1634ஆம் ஆண்டுக்குரிய திருவழிபாட்டு நாட்காட்டி. பாஸ்தியான் என்ற வேதியர் விட்டுச்சென்றது என்பது அவர்களது மரபு. எது ஞாயிறு, எது விழா, எந்நாள் நோன்பு, துயரக் காலம் எப்போது தொடங்குகிறது என்பதை அவர் கணித்துச் சொல்லவேண்டும். கேட்பவர்கள் அதைக் குடும்பங்களுக்குக் கொண்டுசெல்லவேண்டும். எழுத்தில் வைத்தால் ஆபத்து. ஐந்து வீடுகளை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒருவர் செய்த குற்றத்திற்கு மற்றவர்களையும் பொறுப்பாக்கும் முறை இருந்தது. கிறிஸ்தவரைக் காட்டிக்கொடுத்தால் வெள்ளிக்காசுகள் பரிசு என்ற அறிவிப்புப் பலகைகள் ஊர்ச் சந்திகளில் நின்றன.

அந்தப் பொறுப்பாளரின் வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அதில் வீரச்செயல் எதுவும் இல்லை. அவர் செய்தது நாளை எண்ணியதுதான். ஆனால் மனம் சோர்ந்த ஒரு நாளில், இன்று எண்ணாவிட்டால் என்ன என்று அவர் விட்டிருந்தால், அடுத்த ஞாயிறு தவறியிருக்கும். அதற்கடுத்த தலைமுறைக்கு ஞாயிறே இல்லாமல் போயிருக்கும். மனம் வந்த நாளில் மட்டும் செபித்தவர்களாக அவர்கள் இருந்திருந்தால், இன்று பதினேழாம் நாள் என்று பெத்திஜான் அடிகளிடம் சொல்ல அங்கு எவரும் வந்திருக்க முடியாது.

அவர்கள் தங்கள் செபங்களை ஒராஷியோ என்று அழைத்தார்கள். செபம் என்பதற்கான இலத்தீன் சொல்லே ஜப்பானிய நாவில் அப்படி ஆயிற்று. இலத்தீன், போர்த்துக்கீசியம், ஜப்பானியம் மூன்றும் கலந்து, தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்தவை. பல ஊர்களில் உதடு அசைவது தெரியாதபடி முணுமுணுத்தார்கள். இகித்சுகித் தீவில் மட்டும் ஓசையோடு பாடினார்கள். அங்கு இன்றும் வழங்கும் பாடல்களில் ஒன்று, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் ஒரு பகுதியில் மட்டும் பாடப்பட்ட இராகம் என்பதை இசை ஆய்வாளர் தத்சுவோ மினகாவா கண்டறிந்தார்.

காலப்போக்கில் பல சொற்கள் உருமாறின. சொல்பவருக்கே பொருள் விளங்காத வரிகள் மிகுந்தன. இங்கே நேயர்களில் சிலர் நமக்கு அடிக்கடி எழுதும் ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது. மனம் ஒன்றாமல், வெறும் வாய் வார்த்தையாகச் சொல்லும் செபத்தால் என்ன பயன்? அதைவிடச் சொல்லாமலிருப்பது நேர்மையல்லவா? நேர்மையான கேள்விதான். வாய் செபிக்க, உள்ளம் தொலைவில் நிற்பதை ஆண்டவரே கண்டித்திருக்கிறார். ஆனால் உராகாமி மக்களிடம் உள்ளம் தொலைவில் இல்லை, பொருள்தான் தொலைவில் போயிருந்தது. நம் பாட்டிமாரும் மங்கள வார்த்தை செபத்தைப் பிரியதத்த மந்திரம் என்றே சொன்னார்கள். பிரியதத்தம் என்றால் என்ன என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். வீட்டில் விளக்கேற்றியதும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தவர்கள் அவர்கள். பொருள் தெரிந்த நாம், விளக்கேற்றும் வேளையில் எங்கே இருக்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளலாம்.

அவர்களுடைய நாள்களை மிகைப்படுத்தி அழகாக்கவும் வேண்டாம். ஆண்டுதோறும் புத்தாண்டுக் காலத்தில் நாகசாகியில் வீடுவீடாக ஆண்டவரின் அல்லது அன்னையின் திருவுருவப் பலகையைக் கீழே வைத்து, அதைக் காலால் மிதிக்கச் சொல்வார்கள். மிதிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் மறைசாட்சிகள் ஆனார்கள். மிதித்தவர்களும் இருந்தார்கள். பெத்திஜான் அடிகளாரின் முன் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் மிதித்தவர்களின் வழித்தோன்றல்கள். இதை மறைப்பதில் பயனில்லை. வீடு திரும்பியதும் அவர்கள் செய்தது ஒன்று. கொஞ்சிரிசான் என்று அவர்கள் சொன்ன மனத்துயர் செபத்தை முழந்தாளிட்டுச் சொன்னார்கள். பாவ அறிக்கை செய்யக் குரு கிடைக்காத வேளையில், இறைவன்மீது கொண்ட அன்பினால் எழும் முழுமையான மனத்துயர் மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்று கற்பிக்கும் ஒரு சிறுநூல் 1603இல் உருவாகியிருந்தது. அதை மறைவாகப் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் காத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மிதித்து, ஒவ்வோர் ஆண்டும் அழுது செபித்த குடும்பங்கள் அவை. இறந்தவருக்குப் புத்த துறவி வந்து மந்திரம் ஓதியாகவேண்டும் என்பது சட்டம். அவர் ஓதும்போது, அடுத்த அறையில் வேறு சிலர் தங்கள் செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

குருக்கள் திரும்பி வந்தபின் எல்லாரும் திருஅவையோடு இணைந்துவிடவில்லை. கணிசமானோர், முன்னோர் சொல்லித்தந்த வடிவமே போதும் என்று தனித்தே நின்றுவிட்டனர். இணைந்தவர்களுக்கும் உடனே விடுதலை கிடைக்கவில்லை. இனி மறைந்து வாழமாட்டோம் என்று உராகாமியினர் புத்த சமய அடக்கச் சடங்குகளை மறுத்தபோது, 1867இல் கைதுகள் தொடங்கின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தனர். 1873இல்தான் தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. திரும்பி வந்தவர்கள், தங்கள் முன்னோர் மிதிக்க நிறுத்தப்பட்ட ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தையே வாங்கி, அங்கே உராகாமி பேராலயத்தைக் கட்டினார்கள்.

அந்த ஊரில், நாட்காட்டிப் பொறுப்பாளர்களாக இருந்த மொரியாமா குடும்பத்தின் வழிவந்தவர்களின் வீட்டில், 1931ஆம் ஆண்டு ஒரு மருத்துவ மாணவர் வாடகைக்குத் தங்கினார். பெயர் தக்காஷி நாகாய். கடவுள் நம்பிக்கையற்றவர். தாயின் மரணத்திற்குப்பின் பாஸ்கால் என்ற பிரெஞ்சு அறிஞரின் நூலைப் படித்து, செபம் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அதற்காகவே கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றைத் தேடிச் சென்றார். அந்த வீட்டார் அவருக்கு மறைக்கல்வி நடத்தவில்லை. தங்கள் வழக்கப்படி வாழ்ந்தார்கள், செபித்தார்கள். 1934இல் அவர் பவுல் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். அவ்வாண்டே அவ்வீட்டு மகள் மிதோரியை மணந்தார்.

1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11 மணி 2 நிமிடம். அணுகுண்டு உராகாமியின் மேலேயே வெடித்தது. அங்கிருந்த ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் கத்தோலிக்கருள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதிரியக்க மருத்துவரான நாகாய், தாமும் காயமுற்ற நிலையில் நோயாளிகளைக் கவனித்துவிட்டு, பிறகுதான் தம் வீட்டைத் தேடிச் சென்றார். சமையலறை இருந்த இடத்தில், சாம்பலுக்கிடையே தம் மனைவியின் எலும்புகளைக் கண்டார். அருகில் உருகிப்போன செபமாலை கிடந்தது.

பேராலயம் இடிந்து விழுந்திருந்தது. மூவேளைச் செபத்திற்காக அடிக்கப்படும் மணிகளுள் ஒன்று மட்டும் இடிபாடுகளுக்கு அடியில் உடையாமல் கிடப்பதைக் கண்டு, தப்பிப் பிழைத்தவர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்தைய மாலையில் அது ஒலித்தது. அதைக் கேட்க உராகாமியில் கோபுரம் இல்லை, கூரையுள்ள ஆலயம் இல்லை. தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய குடிசைகளில், தாயை இழந்த தம் இரு பிள்ளைகளோடு நாகாயும் அவரைப் போன்றவர்களும் இருந்தார்கள்.