நாவலரும் அவர் பயின்ற பாடசாலையும்



சமூகம் மனிதனை ஆக்குகின்றதா, மனிதன் சமூகத்தை ஆக்குகின்றானா என்பது பழைய வினா. ஒரு பக்கத்தை மாத்திரம் பற்றி நின்று விடை கூறுவோர் பலர். யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறோ இரு பக்கங்களையும் ஒருங்கே காட்டுகின்றது.

1822ஆம் ஆண்டு நல்லூரிற் பிறந்த ஆறுமுகம், தமிழை மரபுவழி ஆசிரியர்களிடம் பாடங்கேட்டார். ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தார். அதன் தலைவரான பேர்சிவல் பாதிரியார், விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவரையே துணையாகக் கொண்டார்.

அப்பாடசாலை அவருக்கு அளித்தது ஆங்கில அறிவு மாத்திரமன்று. மாணவரை வகுப்புகளாகப் பிரித்துப் படிப்படியாகக் கற்பித்தல், அச்சிட்ட பாடநூல், வினாவிடையாற் சமயம் போதித்தல், மக்கள் முன் நின்று பிரசங்கித்தல் ஆகிய அனைத்தும் அங்கு அவர் கண்கூடாகக் கண்டவை. அம்முறைகளையே அவர் தம் சமயத்துக்குக் கருவியாக்கினார். 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் உத்தியோகத்தையும் துறந்தார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்றுவந்தார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் பின்னர் வெளிவந்தன.

அதே பாடசாலையிற் பயின்ற வேறு பலரும் இம்முறைகளைக் கண்டவர்களே. அவர்களிற் பெரும்பாலார் கற்ற கல்வியை உத்தியோகத்துக்குப் படியாகக் கொண்டனர். இவரோ இல்லறத்தையும் வேண்டாது, ஒரே நோக்கில் நின்றார். கருவியைத் தந்தது நிறுவனம். நோக்கத்தைத் தந்தது ஆளுமை.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் மூட்டிய எழுச்சியின் வழியில் 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890இல் அச்சபை பொறுப்பேற்ற பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. ஒருவருடைய உறுதி பலருடைய அமைப்பாயிற்று.

ஆயினும் கதை இவ்வளவில் முடியவில்லை. பாதிரிமாரை அஞ்சாது எதிர்த்த நாவலர், சாதியாசாரத்தை எதிர்த்தாரல்லர். அதனைப் பேணியே நின்றார். மிக வலிய ஆளுமையும் தன்னை வளர்த்த சமூகத்தின் ஏதோ ஒரு பிடிக்குள் நிற்கின்றது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், 1930ஆம் ஆண்டையொட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பிற் சமமாக அமரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. தனிமனிதர் வினவாது விட்டதை நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கின்றன.

பாடசாலை ஒன்றை நடாத்தும் எனக்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. பிள்ளை புத்தகத்தை மாத்திரம் படிப்பதில்லை. யார் எங்கே அமர்கிறார், யாரை எவ்வாறு அழைக்கிறோம், யார் பிழைசெய்தால் மன்னிக்கிறோம் என்பவற்றையும் படிக்கின்றது. அவற்றுள் எதனை அது நாளை கருவியாக எடுக்கும், எதனை வினவாது சுமக்கும் என்பதை நாம் அறியோம். ஆகவே, நாம் வகுக்கும் ஒவ்வொரு முறையையும் பிள்ளைகள் வினவுவதற்கு முன்னர் நாமே ஒருமுறை வினவிப் பார்ப்போமாக.