மூவார்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த பழைய துறைமுக நகரம். பண்டார் மகாராணி எனவும் வழங்கப்படும். 1880களில் ஜொகூர் சுல்தான் அபு பக்கர் இதை நிறுவினார். உள்நாட்டில் சீனர்கள் பயிரிட்ட, தோல் பதனிட உதவும் காம்பியரும் மிளகும், பின்னர் ரப்பரும் ஆற்றுத்துறையில் கப்பலேறின. விளைபொருள் ஏற்றிவர 1890இல் பாரிட் ஜாவா வரை ஓடத் தொடங்கிய குறுகிய ரயில், சாலைகள் பெருகியதும் 1929இல் நின்றது. ஆற்றங்கரையில் ஐரோப்பியக் கட்டடப் பாணியில் எழுந்த சுல்தான் இப்ராகிம் ஜாமிக் மசூதி, படகில் வருவோர் கண்ணில் முதலில் படும் அடையாளம். இது 1930இல் நிறைவுற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஆற்றைக் கடந்தபோது, போதிய பயிற்சி பெறாத இளைஞர்கள் நிறைந்த 45ஆம் இந்தியப் படைப்பிரிவு இங்கே பேரிழப்பைச் சந்தித்தது.